14 வருடத்தோடு அனுப்பிவைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்திய ராணுவத்தில் ஷார்ட் சர்வீஸ் (பத்து வருடம், நீட்டித்தால் மேலும் நான்கு வருடம் மட்டுமே பணி) அதிகாரிகளின் பணிக்கால விதிகளை வகுப்பவர்களுக்கு,

போன வாரம் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு மேஜர் எனக்குப் போன் செய்தார். பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலிருந்து தோளில் இரண்டு நட்சத்திரத்தோடு எங்கள் யூனிட்டுக்கு லெஃப்டினன்டாக வந்து சேர்ந்தபோது அவருக்கு முதல் வேலை கற்றுக்கொடுத்தவன் நான். இப்போது பத்தாவது வருடத்தில் இருக்கிறார். பெர்மனன்ட் கமிஷன், அதாவது ஓய்வு வயதுவரை நீடிக்கும் நிரந்தரப் பணி, கிடைக்கவில்லை. மேற்கொண்டு நான்கு வருட எக்ஸ்டென்ஷன் வேண்டுமா, பத்து வருடத்தோடு ரிலீஸ் ஆகிறாரா என்று எழுதித் தரவேண்டும். "சார், எதில் கையெழுத்துப் போடட்டும்?" என்று கேட்டார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதே கேள்வியை 2019-ல் நான் என் சீனியரிடம் கேட்டேன், அவராலும் முடியவில்லை. அந்தத் தாளில் நம்பர், ரேங்க், பெயர், யூனிட் எல்லாம் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுத்தால் கையில் என்ன வரும், எது வராது என்பதை மட்டும் யாரும் அதோடு சேர்த்துத் தருவதில்லை. நாம் இதை 'விருப்பம்' என்று அழைக்கிறோம். இந்த மடலை எழுத வைத்தது அந்தச் சொல்தான்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009-ல் அதிகாரியாகக் கமிஷன் ஆனேன். இரண்டு வருடத்தில் கேப்டன், ஆறில் மேஜர், பதின்மூன்றில் லெஃப்டினன்ட் கர்னல். 2023-ல் 14 வருடம் முடிந்து, 38 வயதில் வெளியே வந்தேன். மெஸ்ஸில் டைன் அவுட் என்ற பிரிவு விருந்து நடந்தது, வெள்ளித் தட்டு கொடுத்தார்கள், ஜீப்பில் ஏற்றி வாசல்வரை கயிறு கட்டி இழுத்தார்கள். நல்ல வழியனுப்பல்தான், குறை சொல்ல மாட்டேன். மறுநாள் காலை முதல் எனக்குச் சம்பளமும் இல்லை, பென்ஷனும் இல்லை.

பென்ஷன் இல்லை என்றால் வெளியில் யாரும் நம்புவதில்லை. முதல் வேலைக்கான நேர்காணலில் சம்பளப் பேச்சு வந்தபோது, "உங்களுக்குத்தான் பென்ஷன் வருமே, அப்புறம் எதற்கு இவ்வளவு கேட்கிறீர்கள்?" என்றார் எதிரில் இருந்தவர். வீட்டுக்கடனுக்காக ஒரு வங்கிக்குப் போனேன். முன்னாள் ராணுவத்தினருக்கான படிவத்தில் பென்ஷன் ஆணை எண்ணை நிரப்பாமல் கணினி அடுத்த பக்கத்துக்கே போகவில்லை. அந்த எண் என்னிடம் இல்லை, இருக்கவும் முடியாது என்று விளக்கினேன். அந்த அம்மா பாவம், ரொம்ப நேரம் முயன்று பார்த்துவிட்டு, "ஒழுங்காத்தானே சார் ரிட்டயர் ஆனீங்க?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எதையோ செய்து மாட்டி வெளியே அனுப்பப்பட்டவன் என்று நினைத்துவிட்டார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மகன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இனி கணக்குக்கு வருகிறேன். ஷார்ட் சர்வீஸ் அதிகாரி போகும்போது கிடைப்பது டெர்மினல் கிராஜுவிட்டி. முடித்த ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் அரை மாத ஊதியம். 14 வருடத்துக்கு 28 அரையாண்டுகள், ஆக 14 மாத ஊதியம். விடுப்பைப் பணமாக்கியது தனி. டி.எஸ்.ஓ.பி. என்ற சேமநல நிதியில் இருப்பது நானே சேமித்தது, அதை உங்கள் கணக்கில் எழுத வேண்டாம். பென்ஷன் பெற ஓர் அதிகாரிக்கு 20 வருடம் வேண்டும். 20 முடித்துத் தானாகவே விலகுகிறவருக்குக் கடைசி ஊதியத்தில் பாதி ஆயுள் முழுக்க வரும். 14-ல் நிறுத்தப்பட்டவருக்கு ஒரு ரூபாய்கூட வராது. இடையில் படிக்கட்டு என்று எதுவும் இல்லை.

ஜவான்களுக்கு 15 வருடம் முடிந்தால் பென்ஷன் உண்டு. என்னோடு சியாச்சின் அடிவாரத்தில் இரண்டு குளிர்காலம் இருந்த ஹவில்தார் 17 வருடத்தில் ஊருக்குப் போனார். பென்ஷனில் வீட்டைக் கட்டி முடித்துவிட்டார். அவருக்குக் கிடைப்பதைப் பார்த்து எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை, அது அவர் ரத்தம் சிந்திச் சம்பாதித்தது. என் கேள்வி வேறு. 10-க்கு மேல் 4 சேர்த்து 14 என்று எப்படி முடிவு செய்தீர்கள்? 15 ஆகவில்லை, 12-ம் ஆகவில்லை. சிப்பாய்க்கான பென்ஷன் கோட்டுக்குக்கூட ஒரு வருடம் முன்னால் வந்து நிற்கிறது இந்த எண். தற்செயல் என்றால் தற்செயல் என்று சொல்லுங்கள். 2006-ல் இதை முடிவு செய்தவர்கள் காரணத்தை எழுதியிருந்தால் அதை வெளியிடுங்கள்.

"தெரிந்துதானே சேர்ந்தீர்கள்?" என்பீர்கள். எனக்கும் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். தெரிந்துதான் சேர்ந்தேன். 23 வயதில், 49 வாரப் பயிற்சிக்கு வரும்போது 38 வயது என்பது யாருடைய வயதோ. ஆனால் அந்த ஒப்பந்தத்தின் உங்கள் பக்கத்தையும் கொஞ்சம் பார்ப்போம். கார்கில் போருக்குப் பின் அதிகாரிகளின் சராசரி வயதைக் குறைக்க வேண்டும், மேலே போகப் போகக் குறுகும் பதவிக் கோபுரத்தில் நெரிசலைத் தளர்த்த வேண்டும் என்று அஜய் விக்ரம் சிங் குழு பரிந்துரைத்தது. நிரந்தரப் பிரிவு சிறிதாக, குறுகிய காலப் பிரிவு பெரிதாக இருக்கட்டும் என்பது அதன் சாரம். குறுகிய காலத்துக்கு வருகிறவர்கள் விரும்பி வரவும் நிம்மதியாகப் போகவும் வழி செய்ய வேண்டும் என்பது அதன் மறுபாதி. 2004 டிசம்பரில் முதல் கட்டம் நடைமுறைக்கு வந்தது. பதவி உயர்வுகள் வேகமாயின. பிறகு கர்னலிலிருந்து மேல்வரை இடங்கள் கூடின. போகிறவர்களுக்கான பாதி மட்டும் காகிதத்தில் தங்கிவிட்டது. கோபுரத்தின் மேல்தட்டுக்குக் கிடைத்த நன்மையின் விலையை அடித்தட்டில் இருந்த நாங்கள் கொடுத்தோம் என்று சொன்னால் தப்பா?

இன்னொன்றும் உண்டு. 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசு வேலையில் சேர்ந்த சிவிலியன் எழுத்தருக்குக்கூட தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் அரசு தன் பங்கைப் போடுகிறது. ஐந்து வருடத்தில் வேலையை விட்டாலும் அந்தக் கணக்கு அவரோடு போகும். முப்படைகள் அந்தத் திட்டத்துக்கு வெளியே. காரணம், படையினருக்குப் பழைய பென்ஷன் இருக்கிறதே என்பது. சரி, ஷார்ட் சர்வீஸ்காரனுக்கு? பழையதும் இல்லை, புதியதும் இல்லை. 2022-ல் வந்த அக்னிவீர் திட்டத்தில் எனக்கு நிறைய மாற்றுக்கருத்து உண்டு, அதை இங்கே எழுதவில்லை. ஆனால் அதில்கூட நான்கு வருடம் இருக்கும் பையனின் சம்பளத்தில் 30 சதவீதம் பிடித்தால், அதே அளவு அரசும் போட்டு, போகும்போது கையில் தருகிறது. 14 வருடம் இருந்த அதிகாரிக்கு அப்படி இரு தரப்பும் பங்கு போடும் ஒரு கணக்கு தொடங்க இத்தனை வருடத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

ஆட்குறைப்பு செய்த மற்ற ராணுவங்கள் என்ன செய்தன என்று வெளியே வந்தபின் உட்கார்ந்து படித்தேன். வேலை தேடும் மாதங்களில் நேரம் நிறைய இருந்தது. பனிப்போர் முடிந்ததும் அமெரிக்கா தன் படைகளை ஏறத்தாழ 21 லட்சத்திலிருந்து 14 லட்சத்துக்குக் கொண்டுவந்தது. 1992 முதல் நடுத்தரப் பணிக்காலத்தில் இருந்தவர்களிடம் இரண்டு வழிகளை வைத்தார்கள். முதலாவது மொத்தத் தொகை. ஆண்டு அடிப்படைச் சம்பளத்தில் 15 சதவீதத்தை பணி செய்த வருடங்களால் பெருக்க வேண்டும். 14 வருடம் என்றால் 25 மாதச் சம்பளம் வருகிறது. இரண்டாவது ஆண்டுதோறும் தவணை. 2.5 சதவீதத்தை வருடங்களால் பெருக்கி, பணி செய்ததைப் போல் இரு மடங்கு காலம், அதாவது 28 வருடம் கொடுத்தார்கள். இவை போக, 15 வருடம் முடித்தவர்களுக்குச் சற்றுக் குறைத்த பென்ஷனோடு முன்கூட்டியே ஓய்வு. பணி செய்த வருடங்களுக்கு ஏற்ற பென்ஷனில், 20-க்கு எத்தனை வருடம் குறைகிறதோ வருடத்துக்கு ஒரு சதவீதம் குறைப்பு, அவ்வளவுதான். வரம்பைத் தொடாதவரையும் வெறுங்கையோடு விடாமல், தொட்டவரைவிடக் கொஞ்சம் குறைவாகக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைக்கும் வழி இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அவர்கள் செய்த தவறுகளும் நமக்குப் பாடம்தான். அந்த மொத்தத் தொகையை வாங்கிப் போனவருக்குப் பின்னாளில் பணிக்காலக் காயத்துக்கான ஊனமுற்றோர் உதவித்தொகை கிடைத்தால், முன்பு கொடுத்தது வசூலாகும்வரை உதவித்தொகையை நிறுத்திவைத்தார்கள். பணம் வாங்கியபோது பலருக்கு அது தெரியாது. 2014-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேப்டன்களையும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மேஜர்களையும் வாரியம் வைத்துப் பொறுக்கி அனுப்பினார்கள். சிலருக்கு ஆப்கானிஸ்தானில் பணியில் இருக்கும்போதே தகவல் வந்தது. சிப்பாயாகத் தொடங்கி அதிகாரியானவர்களில் சிலர், அதிகாரியாக இருந்த வருடங்கள் போதவில்லை என்பதால் சார்ஜன்ட் ரேங்க் பென்ஷனோடு போக வேண்டியிருந்தது. பிரிட்டன் 2011 முதல் 2014 வரை நான்கு சுற்றுகளாக ஆட்குறைத்தது. தானாக விண்ணப்பித்தவருக்கு ஆறு மாதமும் விண்ணப்பிக்காமல் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு ஒரு வருடமும் முன்னறிவிப்பு. போர்க்களத்தில் இருந்தவரை அவர் கேட்காமல் தொடவில்லை. ஆனால் அங்கும் பென்ஷன் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வைத்து அனுப்பப்பட்டவர்கள் இருந்தார்கள், நாடாளுமன்றம்வரை சத்தம் போனது.

நம் நாட்டில் ஆட்குறைப்பு என்ற சொல்லையே நாம் பயன்படுத்துவதில்லை. 'பணிக்காலம் நிறைவு' என்போம். அதனால் ஆட்குறைப்பில் பின்பற்ற வேண்டிய மரியாதைகளும் தேவையில்லை என்று ஆகிவிடுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், குறைக்க இங்கே ஆளே மிஞ்சி இல்லை. 2023 தொடக்கத்தில் மருத்துவப் பிரிவுகளையும் சேர்த்து ராணுவத்தில் 8,000-க்கும் மேற்பட்ட அதிகாரிகள் பற்றாக்குறை என்று நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. அதே வருடம்தான் எனக்கு வழியனுப்பு விழா நடந்தது. என் நாற்காலியில் உட்கார ஆள் வர ஏழு மாதம் ஆனது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

என்னை ஏன் நிரந்தரமாக்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு வரியில் முடிவு வந்தது. எத்தனை இடம், நான் எத்தனையாவது, எதில் பின்தங்கினேன், ஒன்றும் இல்லை. என்னைவிடத் திறமையானவர்கள் இருந்திருக்கலாம், இருந்திருப்பார்கள். அதைச் சொல்லிவிட்டால் போதும், அதிகாரிக்குத் தோல்வியைத் தாங்கத் தெரியும். பெண் அதிகாரிகள் இதே இருட்டுக்குள்ளிருந்துதான் நீதிமன்றம் போனார்கள். 1992-ல் ஐந்து வருடப் பணி என்று தொடங்கிய அவர்களுக்கு, பெரும்பாலான பிரிவுகளில் 2020 பிப்ரவரி 17 தீர்ப்புக்குப் பின்தான் நிரந்தரக் கதவு திறந்தது. திறந்த பிறகும் மதிப்பீட்டு முறை அவர்களுக்கு எதிராக இருக்கிறது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. 2025 மே மாதம், வழக்கு நடக்கும்போது பெண் அதிகாரிகளை ரிலீஸ் செய்ய வேண்டாம் என்று இன்னொரு முறை. எனக்குப் போன் செய்த மேஜரும் பெண்தான். "எனக்கும் கோர்ட்டுதானா சார் வழி?" என்று கேட்டார். யூனிஃபார்மில் இருப்பவர் கேட்கக் கூடாத கேள்வி, ஆனால் கேட்க வைத்துவிட்டோம்.

தானாக விலகுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அங்கும் 'விருப்பம்' என்ற சொல் இதே பாடுதான் படுகிறது. 20 வருடம் முடித்து, கர்னல் பதவி கிடைக்காமல் பிரீமெச்சூர் ரிட்டயர்மென்ட், அதாவது முன்கூட்டியே ஓய்வு, கேட்கிறவர் உண்மையில் உங்கள் நெரிசலைக் குறைக்கிறார். மற்ற நாடுகள் அதற்குப் பணம் கொடுக்கின்றன. நாம் 2015 நவம்பர் 7 உத்தரவில், இனிமேல் சொந்த விருப்பத்தில் போகிறவருக்கு ஒரே பதவி ஒரே பென்ஷன் கிடையாது என்று எழுதினோம். 2020 அக்டோபரில் வந்த முன்மொழிவு இன்னும் ஒரு படி மேலே போனது. 20 முதல் 25 வருடத்தில் விலகினால் உரிய பென்ஷனில் பாதி, 26 முதல் 30 என்றால் 60 சதவீதம், 31 முதல் 35 என்றால் 75, முழுசு வேண்டுமென்றால் 35-ஐத் தாண்ட வேண்டும். நல்லவேளை அது நடைமுறைக்கு வரவில்லை. ஒரு பக்கம் 14-ல் இருக்க விரும்புகிறவனைப் போ என்கிறோம், மறுபக்கம் 22-ல் போக விரும்புகிறவரைப் போனால் வெட்டுவோம் என்கிறோம். இரண்டுக்கும் பின்னால் ஒரே கொள்கை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மறுவாழ்வுப் பயிற்சி என்று ஒன்று இருப்பதை மறுக்கவில்லை. மேலாண்மைக் கல்லூரிகளில் 24 வாரப் படிப்பு, கட்டணத்தில் 60 சதவீதம் அரசுடையது. நல்ல ஏற்பாடு, படித்த நண்பர்கள் நல்ல வேலையில் இருக்கிறார்கள். எனக்கு இடம் கிடைத்தபோது யூனிட் ஃபீல்டில், அதாவது களப்பணியில், இருந்தது, மாற்று அதிகாரி இல்லை, விடமுடியாது என்றார்கள். அவர்கள் நிலைமையும் புரிந்தது, நானே அந்த இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அடுத்த வாய்ப்பு வருவதற்குள் என் ரிலீஸ் தேதி வந்துவிட்டது. 2019-ல் ஷார்ட் சர்வீஸ்காரர்களையும் முன்னாள் ராணுவத்தினருக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் சேர்த்தீர்கள். அதற்கு என் நன்றி உண்மையானது. திட்டம் தொடங்கியது 2003-ல் என்பதையும் நினைவில் வைத்துத்தான் நன்றி சொல்கிறேன்.

நான் கேட்பவை இவை.

விருப்பம் எழுதிக் கேட்கும் தாளோடு இன்னொரு பக்கத்தை இணையுங்கள். அந்த அதிகாரியின் பெயரில், பத்தில் போனால் எவ்வளவு, பதினான்கில் போனால் எவ்வளவு, பென்ஷன் உண்டா, மருத்துவம் உண்டா, எந்த அரசு வேலைகளில் வயதுச் சலுகை உண்டு, எதில் இல்லை என்று ரூபாயிலும் வருடத்திலும் அச்சடித்துக் கொடுங்கள். சம்பள அலுவலகத்தில் இந்த விவரம் எல்லாம் இருக்கிறது, புதிதாக ஒரு பைசா செலவு இல்லை.

பெர்மனன்ட் கமிஷன் முடிவைப் பத்தாவது வருடம்வரை இழுக்காமல் ஏழாவது வருடத்துக்குள் சொல்லிவிடுங்கள். 30 வயதில் தெரிந்தால் ஒருவர் படிக்கலாம், தேர்வு எழுதலாம், தொழில் மாறலாம். கிடைக்காதவருக்கு இடங்களின் எண்ணிக்கையையும் அவர் பெற்ற இடத்தையும் மதிப்பெண் பிரிவையும் எழுத்தில் கொடுங்கள்.

பதினான்கு வருடம் முடித்தவர்களுக்கு விகிதாசாரப் பென்ஷன் கொடுங்கள். 20-க்குப் பாதி என்றால் 14-க்கு எவ்வளவு என்பது பள்ளிக்கூடக் கணக்கு. அது முடியாது என்றால், கமிஷன் ஆன முதல் மாதத்திலிருந்தே அரசும் பங்கு போடும் ஓய்வூதியக் கணக்கை ஷார்ட் சர்வீஸ் அதிகாரிகளுக்குத் தொடங்குங்கள். ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட எங்களுக்கு ஒரு மொத்தத் தொகையை நிர்ணயியுங்கள். பின்னாளில் யாருடைய காய உதவித்தொகையிலிருந்தும் அது கழிக்கப்படாது என்று விதியிலேயே எழுதிவிடுங்கள்.

ரிலீஸுக்கு முந்தைய கடைசி ஒரு வருடத்தில் யாரையும் ஃபீல்டு போஸ்டிங்கில் வைக்காதீர்கள். 24 வாரப் படிப்பை யூனிட்டின் தயவில் விடாமல் பணிக்காலத்தின் ஒரு பகுதியாக்குங்கள். போகிற நாளில் கிராஜுவிட்டி அவர் கணக்கில் இருக்கட்டும். பென்ஷன் ஆணை எண் இல்லாத முன்னாள் அதிகாரிகளும் இருக்கிறார்கள் என்று வங்கிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். இது சின்ன விஷயம்தான், ஆனால் இந்த மாதமே முடியும்.

அந்த மேஜர் தன் விருப்பத்தை எழுதிக் கொடுக்க இன்னும் 19 நாள் இருக்கிறது. நான் முதலில் கேட்ட அந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது அதற்குள் அவருக்கு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஷார்ட் சர்வீஸில் 14 வருடம் முடித்து 2023-ல் வெளியே வந்த ஒரு லெஃப்டினன்ட் கர்னல்